புள்ளியில்லாத ரேம்

தக்கோராடி,
12 பிப்ரவரி 2018

அன்புள்ள எகுவாவுக்கு,

நானும் கடையும் ஒருவழியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இடது கண் தெளிவாக இருக்கிறது. வலது கண்ணை நம்பி எதையும் சொல்ல முடியாது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தமாலேயில் தூசிக்காற்று அடங்கியதா? மருந்துக்கடைக்கு ஆள் வருகிறார்களா?

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கணினி பழுது பார்க்கும் என் கடை ஒரே அறை. நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில் செடினாம் உட்கார்ந்து வேலை செய்கிறாள். வாட்ஸப்பில் எழுதலாமென்றால், என் போனையும் கணினியையும் அமைத்துக் கொடுத்ததே அவள்தான். அதனால் தாளில் எழுதி பஸ் டிரைவர் அல்ஹாசனிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையின் மடிப்புக்கு மேல் என் கையெழுத்து ஓடும். அது உடைந்திருந்தால் தெரிவி.

குழப்பமில்லாமல் இருக்க, விஷயத்தை முதலிலேயே எண் போட்டு விடுகிறேன்:

1. செடினாம் என் வாடிக்கையாளர்களிடம் தனியாகப் பேசுகிறாள். நான் வந்தால் பேச்சு நிற்கிறது.
2. வெள்ளிக்கிழமைகளில் கனமான பையோடு பஸ் நிலையத்துக்குப் போகிறாள்.
3. நான் போட்ட புது ரேமை எடுத்துக்கொண்டு பழையதை வைத்திருக்கிறாள்.
4. என்னை விட்டுப் போகத் திட்டமிடுகிறாள்.
5. நம் வீட்டு விஷயங்களை யாரோ அவளுக்குச் சொல்கிறார்கள்.

மூன்றாவதை மட்டும் விளக்கிவிடுகிறேன். பழைய கணினிக்கு வேகம் கூட்ட நாம் போடும் ரேம் விரல் நீளப் பட்டை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கும். அதனால் நான் போடும் ஒவ்வொன்றின் மூலையிலும் உன் அண்ணி மான்சா விட்டுப்போன நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். மேடம் அன்சபாவின் தட்டச்சு மையத்துக்குப் போன வருடம் ஆறு கணினிகளைப் புதுப்பித்துக் கொடுத்தேன். போன வாரம் தூசி தட்ட அவை வந்தன. ஐந்தில் புள்ளி இருந்தது. ஆறாவதில் இல்லை. கம்பெனி ஒட்டுச்சீட்டும் இல்லை, பட்டை வெளிறிப் பழசாக இருந்தது. கடையில் இருப்பது இரண்டே பேர். நான் மாற்றவில்லை.

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தும், இதை எழுதும்போது ஏதாவது ஒரு படியைத் தவறவிட்டிருப்பேனோ என்று கை தயங்குகிறது. நீ என்ன நினைக்கிறாய்? புகையிட்ட மீன் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
குவாமினா

*

தமாலே,
20 பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெழுத்து உடையாமல் வந்தது. மீனும் உடையாமல் வந்தது. எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீங்கள் கண்ணுக்கு மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா? பெரிய எழுத்தாகப் பார்த்ததும் சந்தேகம் வந்தது.

உங்கள் முதல் விஷயத்துக்கு: வாடிக்கையாளர்கள் அவளோடு பேசுவது இயற்கை. நீங்கள் பேச ஆரம்பித்தால் 1978இல் வந்த கால்குலேட்டரிலிருந்து தொடங்குவீர்கள். மூன்றாவது விஷயத்துக்கு: ஒரு நகப்பூச்சுப் புள்ளியை வைத்து ஆறு வருடம் கூடவே உழைத்தவளைத் திருடி என்பீர்களா? திரை மாற்றுவது, ஈயம் வைத்து ஒட்டுவது எல்லாம் அவள் கை. அந்தக் கை போனால் உங்கள் கடையில் திருப்புளிகள்தான் மிஞ்சும்.

கிழங்கு அனுப்புகிறேன். அல்ஹாசனிடம் மூன்று கேட்டு வாங்குங்கள், இரண்டு கொடுத்துவிட்டு ஒன்று வழியில் உருண்டுவிட்டது என்பான்.

தங்கை,
எகுவா

*

தக்கோராடி,
5 மார்ச்

அன்புள்ள எகுவாவுக்கு,

கிழங்கு மூன்றும் வந்து சேர்ந்தன. இடது கண் நலம். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்து கேட்டேன், இரண்டுக்குப் பதில் சொன்னாய். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவதைச் சோதித்தேன். போன வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்தில் மீனும் கெங்கே சோள உருண்டையும் விற்கும் பெண்ணின் குடைக்குப் பின்னால் நின்றேன். அவள் உடனே, "அப்பா, வாங்குறதுன்னா வாங்குங்க, சும்மா குடையைச் சாய்ச்சா என் மீனுக்கு வெயில் படுது" என்றாள். இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடத்தில் செடினாம் வந்தாள். பையை அல்ஹாசனிடம் கொடுத்தாள். உன் கடிதங்களைக் கொண்டுவரும் அதே அல்ஹாசனிடம், எகுவா. அவன், "அக்கா, போன தடவையவிட கனமா இருக்கே, என்ன கல்லா?" என்றான். அவள், "ஆமா, உன் தலையில போட. மெதுவா வை, உடையும்" என்றாள்.

உடையும் பொருள். தமாலே பஸ். யாருக்குப் போகிறது என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கேட்டுச் சொல்வாயா?

ஐந்தாவதற்கும் ஒரு சான்று. என் கண் அறுவைத் தேதியை உன்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் செடினாம், "சார், நாளைக்கு நீங்க வரவேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்போது அன்பு என்று நினைத்தேன்.

முந்தாநாள் அவளிடம் ரேம் விஷயத்தைச் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "இந்த ஆறாவது மெஷினை நீ திறந்தியா?"

"இல்லையே சார். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் சார் மூணு நாளா அதையே லென்ஸ் வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

லென்ஸைத் துடைத்தேன். உண்மையானவள் இவ்வளவு அமைதியாக இருப்பாளா, பொய் சொல்பவள் இருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் காப்பி அடிப்பவர்களைக்கூட நான் சரியாகக் கண்டுபிடித்ததில்லை.

அண்ணன்,
குவாமினா

*

தமாலே,
21 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள், இங்கே வெயிலில் எல்லோருக்கும் காய்ச்சல், மருந்துக்கடையில் நிற்க இடமில்லை. நான் நலம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வரும்வரை யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். ஈஸ்டருக்கு வருகிறேன். நேரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசலாம், உங்கள் ஐந்தையும். முக்கியமாகப் பழுது பார்ப்போர் சங்கத்துச் சேர்மனிடம் போகாதீர்கள்.

எகுவா

*

தக்கோராடி,
17 ஏப்ரல்

அன்புள்ள எகுவாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகும். காய்ச்சல் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஈஸ்டருக்குக் காத்திருந்தேன். வெள்ளையடித்துச் சாளரத்துக்குப் புதுத் துணி போட்டேன். நீ வரவில்லை. வராததற்கு ஒரு செய்தியும் இல்லை. அந்த வாரம் செடினாமும் மூன்று நாள் விடுப்பு எடுத்தாள், "ஊருக்கு" என்றாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சங்கக் கூட்டம். செவ்வாயில் கடலுக்குப் படகு போகாது, மீன்காரப் பெண்கள் வரமாட்டார்கள், நம் கடைச் சந்தே அமைதியாக இருக்கும், அதனால் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் அன்றுதான் கூடுவோம். நான் பேசுவதாகவே இல்லை. சேர்மன் பென்டில் வழக்கம்போல், "வேற யாருக்காவது குறை இருக்கா?" என்று கேட்டார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

மூன்றாவதை மட்டும் சொன்னேன். மற்றதற்கெல்லாம் என் கண்தான் சாட்சி, இதற்குத்தான் பொருள் சாட்சி. புள்ளியுள்ள ஐந்து பட்டைகளையும் புள்ளியில்லாத ஒன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். புதுசை உருவிப் பழசைச் சொருகும் வேலை நம் சந்துக்குப் புதிதல்ல. பென்டில் பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "இது நாலஞ்சு வருஷம் ஓடின சாமான்டா" என்றார்.

செடினாம் எழுந்தாள். "சார், அது நீங்க போட்டதேதான். நான் தொடவே இல்லை."

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப புள்ளி நடந்து போயிருச்சா?" என்றான். சிரிப்பு. இன்னொருவன், "நகத்தைக் காட்டச் சொல்லுங்கய்யா, புள்ளி அங்க இருக்கப்போகுது" என்றான். மறுபடி சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "கூட்டத்துக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே சார். மூணு அடி தூரத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள்.

சங்கப் பலகையிலிருந்து அவள் பெயரை அழித்துவிட்டார்கள். இனி சந்தில் யாரும் அவளுக்கு வேலை தரமாட்டார்கள், ஒரு திருப்புளிகூடக் கடன் தரமாட்டார்கள். மறுநாள் காலை ஈயம் உருக்கும் தன் கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். மற்றதெல்லாம் என்னுடையதாம்.

எகுவா, சரியாகச் செய்தேன் என்று ஒரு வரி எழுது.

குவாமினா

*

தக்கோராடி,
15 மே

அன்புள்ள எகுவாவுக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று அனுமானிக்கிறேன், ஏனென்றால் நேற்று கிழங்கு வந்தது. மூன்று. உறையைத் தேடிச் சாக்கைத் தலைகீழாகக் கொட்டினேன், மண்தான் இருந்தது. அல்ஹாசனைக் கேட்டேன். "கடுதாசி எதுவும் குடுக்கலை சார். கிழங்கை மட்டும் குடுன்னாங்க" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா நல்லா இருக்காங்க சார்" என்றான். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை.

கடையில் வேலை தேங்குகிறது. குளிர்பதனக் கிடங்குக்காரரின் மடிக்கணினி திரை உடைந்து மூன்று வாரமாகக் கிடக்கிறது. திரை மாற்ற எனக்குத் தெரியாது. நான் டிஸ்க் மாற்றுவேன், ரேம் போடுவேன், தூசி எடுப்பேன். அவர் நேற்று வந்து, "டீச்சர், பொண்ணு எங்க?" என்றார். "போய்விட்டாள்" என்றேன். "அப்ப மெஷினைக் குடுங்க, நானும் போறேன்" என்றார்.

உன் பதில் இல்லாததையும் ஒரு பதிலாகப் படிக்கத் தொடங்கிவிட்டேன். அப்படிப் படிக்கவிடாதே.

குவாமினா

*

தமாலே,
9 ஜூன்

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கிறேன், ஆனால் கோபத்தோடு கேட்கிறேன்.

உங்கள் எண்களுக்குப் பதில் இதோ. முதலாவது உண்மை. இங்கே வடக்கில் மருந்துக்கடை, தையல்கடை என்று கணினி வைத்திருக்கும் யாரையாவது தெரியுமா என்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் அவள் விசாரித்தாள். இரண்டாவது உண்மை. பைகளில் போனவை அவள் சொந்தமாக வாங்கிச் சேர்த்த பழைய மானிட்டர்களும் பெட்டிகளும். வந்தது என்னிடம். நான்காவது உண்மை. என் மருந்துக்கடைக்குப் பக்கத்து அறையில் அவளும் நானும் பங்காளிகளாகக் கடை போடுகிறோம், பழைய கணினிகளைப் புதுப்பிக்க. ஐந்தாவதும் உண்மை. அறுவைத் தேதியைச் சொன்னது நான்தான். உங்களைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று சொன்னேன்.

ஏன் மறைத்தேன்? சொன்னால் நீங்கள் "போம்மா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே கடையை மூடியிருப்பீர்கள். மான்சா அண்ணி போன பிறகு அந்த நாற்காலியை விட்டால் நீங்கள் படுக்கையில்தான் உட்காருவீர்கள். அறை தயாராகும்வரை அவள் உங்களோடு இருக்கட்டும் என்று நான்தான் பிடித்து வைத்தேன். ஈஸ்டருக்கு வந்து சொல்ல நினைத்தேன். பயந்து அவளை இங்கே வரவழைத்து, எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். கோழைத்தனம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

இப்போது அறை தயார். வாடிக்கையாளர்தான் வரவில்லை. பஸ்ஸில் கிழங்கு மட்டுமா பயணம் செய்கிறது? "தக்கோராடியில சாமான் மாத்தினாளாமே, அவளா?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த கணினியைத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பள்ளிக்கூட ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்து போனது. தலைமையாசிரியர் உங்கள் சேர்மனுக்கே போன் போட்டு விசாரித்தாராம்.

ரேமை அவள் எடுக்கவில்லை. எனக்குச் சான்று கிடையாது. கூடவே இருந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்.

எகுவா

(இதே உறைக்குள் அவள் எழுதியதும் இருக்கிறது. நான் படிக்கவில்லை.)

*

சார்,

கண்ணுக்கு மருந்து விடறீங்களா? மறந்துடாதீங்க.

போகப்போவதை உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு. அதுக்கு என்ன வேணும்னாலும் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா திருடி இல்லை. ஆறு வருஷத்துல உங்க கடையில நான் எடுத்துட்டுப் போனது ஈயக்கோல் ஒண்ணுதான், அதுவும் என்னுது.

குளிர்பதனக் கிடங்குக்காரர் மெஷினுக்கு 14 அங்குலத் திரை, முப்பது முள் கேபிள். நாற்பது முள் வாங்கிடாதீங்க, பொருந்தாது.

செடினாம்

*

தக்கோராடி,
2 ஜூலை

எகுவாவுக்கு,

மழை. நலம்.

ஆக, ஐந்தில் நான்கு சரி. என் சொந்தத் தங்கையே என் முதுகுக்குப் பின்னால் பங்காளி. என் கணக்கு இவ்வளவு சரியாக வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நான்கு சரியாக இருக்கும்போது மூன்றாவது மட்டும் தவறாக இருக்க என்ன காரணம்? இவ்வளவை மறைத்தவள் ஒரு பட்டையை மறைக்கமாட்டாளா? இவ்வளவை மறைத்த நீ அதற்குச் சாட்சி சொல்லலாமா?

இனி கிழங்கு அனுப்ப வேண்டாம்.

குவாமினா

*

தக்கோராடி,
24 ஜூலை

அன்புள்ள எகுவா,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்தபிறகும்.

உனக்கு நான் ஒன்றை எழுதவேயில்லை. கடற்காற்றில் இங்கே ரேமின் பொன்முனைகளில் பச்சை படியும், கணினி ஓடாமல் கறுப்புத் திரை காட்டும். அதைத் துடைக்கச் செடினாம் மருந்துக்கடை ஸ்பிரிட் வைத்திருப்பாள். நான் பெயின்ட் கடைத் தின்னர் பயன்படுத்துவேன், சீக்கிரம் போகும். "சார், அது சாமானைத் தின்னுடும், தொடாதீங்க" என்று பலமுறை கண்டித்தாள். அவளுக்குப் பயந்து, அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும் முக்காலிக்குக் கீழே ஒளித்த பாட்டிலை எடுப்பேன். அறுபத்தொன்பது வயதில் தின்பண்டம் திருடுபவனைப் போல.

இன்று ஒரு மருத்துவமனைக் கணினி கறுப்புத் திரையோடு வந்தது. நான்தான் போன வருடம் புதுப்பித்துக் கொடுத்தது. ஒளிக்க ஆளில்லாததால் பாட்டிலை மேசைமேலேயே வைத்தேன். பட்டையைக் கழற்றி, முனையோடு நிறுத்தாமல் வழக்கம்போல் முழுவதையும் பிரஷால் தேய்த்தேன்.

பிரஷ் இளஞ்சிவப்பானது.

பட்டையைப் பார்த்தேன். புள்ளி இல்லை. ஒட்டுச்சீட்டு சுருண்டு கழன்று வந்தது. பட்டை வெளிறிப் பழசாக இருந்தது. பென்டில் பார்த்திருந்தால் நாலஞ்சு வருஷம் ஓடின சாமான் என்பார்.

நோட்டை எடுத்தேன். மேடம் அன்சபாவின் ஆறாவது கணினி நவம்பர் 22 அன்று கறுப்புத் திரைக்காக வந்திருக்கிறது. "சுத்தம் செய்தேன்" என்று என் கையெழுத்து. ஆறில் அது ஒன்று மட்டும்தான் அப்படி வந்தது. நோட்டு முழு நேரமும் என் இழுப்பறையில் இருந்தது. நான் லென்ஸ் வைத்துப் பட்டையைப் பார்த்தேன், நோட்டைப் பார்க்கவில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். செடினாமுக்கு நான் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டால் போதுமா? வயதான காலத்தில் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

குவாமினா

*

தமாலே,
31 ஜூலை

அண்ணா,

நாங்கள் நலம். கூட்டத்தில் போட்டதைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். அவளிடம் சொன்னேன். "தின்னரா?" என்று கேட்டுவிட்டு ஈயக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தப் பாட்டில் முக்காலிக்குக் கீழ இருந்தது எனக்குத் தெரியும்க்கா. சார் வெக்கப்படுவாரேன்னு கேக்கலை" என்றாள். இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

எகுவா

*

தக்கோராடி,
13 ஆகஸ்ட் 2018

சேர்மன் பென்டில் அவர்களுக்கும் சங்கத்தார் அனைவருக்கும்,

உங்கள் வீடுகளிலும் மேசைகளிலும் எல்லாம் நலமாக இருக்கட்டும். நாளை செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இதை நானே நின்று வாசிப்பேன். பாதியில் என் குரல் நின்றுவிட்டால் சேர்மன் தொடர்ந்து வாசிக்க வேண்டும். பிரதி ஒன்று தமாலேக்கு, பள்ளித் தலைமையாசிரியர் பெயருக்குப் போகிறது.

பிப்ரவரியில் செடினாமைப் பற்றி ஐந்து விஷயங்களை என் தங்கைக்கு எழுதினேன். வாடிக்கையாளர்களோடு பேசினாள்: உண்மை, பேசுவது குற்றமில்லை. பஸ்ஸில் பை அனுப்பினாள்: உண்மை, பை அவளுடையது. என்னை விட்டுப் போக நினைத்தாள்: உண்மை, ஆறு வருடம் இருந்தவளுக்கு அந்த உரிமை உண்டு. என் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது: உண்மை, என்னைப் பார்த்துக்கொள்வதற்காக. இந்த நான்கும் சரியாக இருந்ததால், மீதி ஒன்றும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். உங்கள் முன்னால் வைத்தது அந்த ஒன்றைத்தான்.

மேசையில் ஒரு புள்ளியுள்ள ரேமும், தின்னர் பாட்டிலும், பிரஷும் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து தேய்த்துப் பார்க்கலாம். சிரிக்கவும் செய்யலாம். பலகையில் அவள் பெயரை முன்பிருந்த இடத்திலேயே, என் பெயருக்கு மேலே, எழுத வேண்டும். அவள் இந்தச் சந்துக்குத் திரும்பி வரமாட்டாள், ஆனாலும் எழுத வேண்டும்.

அந்தப் பட்டையை யாரும் மாற்றவில்லை. நான் போட்ட அதே பட்டை, புள்ளியை அழித்தவன் நான். என் மூன்றாவது விஷயம் தவறு.

குவாமினா அர்கோஃபுல்